எங்கள் தீவை அளக்க வருகிற சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்

வணக்கம்.

காலநிலை மாற்றத்தால் தீவுச் சனம் எவ்வளவு பாதிக்கப்படும் என்று அளக்க வருகிற பல்கலைக்கழகத்தார், தொண்டு நிறுவனத்தார், திணைக்களத்தார் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதலாம் என்றால் உங்கள் பெயர்கள் எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்கும் எங்கள் பெயர்கள் ஞாபகமிருக்காது, வீட்டுக்கு வீடு நீங்கள் போட்ட இலக்கம்தான் இருக்கும்.

நான் இருப்பது இரணைமாதாநகர். கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவு, முழங்காவிலுக்குக் கிட்ட. சொந்த ஊர் இரணைதீவு, கடலுக்குள் இருக்கிற இரட்டைத் தீவு. எங்கள் பாதிப்பைப் பற்றிக் கதைக்கிறதென்றால் இந்த இரண்டு ஊரையும் சேர்த்துத்தான் கதைக்கவேண்டும், நீங்கள் எப்போதும் ஒன்றைத்தான் எழுதிக்கொண்டு போகிறீர்கள்.

போன முறை ஒரு குழு வந்தபோது வீடு காட்டவும் கதைத்துக்கொடுக்கவும் நானும் கூடப் போனேன். பதில்களைப் பதிகிற டப் (கைக்கணினி) வைத்திருந்த தங்கச்சி நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் கேட்டாள். மூன்றாவதோ நான்காவதோ வீட்டில், எங்களுக்கு ஆச்சி முறையான ஒருவர் நண்டு வலையில் சிக்கெடுத்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

‘குடிதண்ணி எடுத்துக்கொண்டு வர எத்தனை நிமிசம் செல்லும் அம்மா?’

‘எந்த வீட்டுக்கு பிள்ளை?’

தங்கச்சிக்கு விளங்கவில்லை. ‘நீங்கள் இருக்கிற வீட்டுக்கு.’

‘இண்டைக்கு இருக்கிறது இங்க. நாளைக்கு விடிய அங்க போயிடுவன். அங்க கிணறு கிட்டத்தான், ஆனா அந்தத் தண்ணியை ஆனி வரைக்கும்தான் வாயில வைக்கலாம். பிறகு இங்க இருந்து கானில கொண்டு போறது.’

டப்பில் ஒரு இலக்கம் மட்டும்தான் போடலாம். தங்கச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பத்து என்று போட்டாள். இங்கே ஒழுங்கையில் உள்ள குழாய்க்குப் போய்வரப் பத்து நிமிடம் தேவையில்லை. ஆடி மாதம் தீவில் இருந்துகொண்டு பத்து நிமிடத்தில் ஒரு கான் நல்ல தண்ணி எடுக்க யாராலும் ஏலாது. அந்தப் பத்து இரண்டு கரைக்கும் நடுவில் எங்கேயோ மிதக்கிறது.

ஏன் இரண்டு வீடு என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள், பலர் கேட்கவில்லை. 1992இல் யுத்தத்தால் தீவை விட்டு வந்தோம். முழங்காவில் பக்கம் இருந்து, 2008, 2009இல் எல்லோரையும்போல நாங்களும் முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமில் இருந்து, திரும்பி வந்தோம். தீவுக்குப் போக விடவில்லை. 2017 மே 1ஆம் திகதி கொட்டில் போட்டுப் போராட்டம் தொடங்கி, ஒரு வருசம் காத்திருந்து பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடியோடு படகுகளில் ஏறி நாங்களாகவே போய் இறங்கினோம். 26 வருசம் ஆள் இல்லாத வளவு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. இன்றைக்கும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை என்றால் இந்தக் கரைதான். நண்டு, கடலட்டை, பாசி என்றால் அந்தக் கரை. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று நிற்கிற சனத்தை எந்தக் கட்டத்துக்குள் போடுவது என்று உங்கள் தாளுக்குத் தெரியவில்லை.

அப்புறம், நீங்கள் உள்ளுக்குள் எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று அறிய ஆசைப்பட்டு நானும் கொஞ்சம் வாசித்தேன். காலநிலை மாற்றத்தை ஆராய்கிற, ஐ.பி.சி.சி என்கிற ஐ.நா. குழு 2001 அறிக்கையில் பாதிப்பை மூன்றாகப் பிரித்தது: கடலும் காற்றும் எவ்வளவு கிட்ட வருகின்றன, வந்தால் எவ்வளவு நோகும், நொந்த பிறகு எழும்ப ஏலுமா. 2014 அறிக்கையில் அதை மாற்றி அடுக்கி, இடர் என்ற சொல்லை நடுவில் வைத்தார்கள். சரி, அது உங்கள் பாடு. அந்த மூன்று கேள்வியும் நல்ல கேள்விதான், எங்கள் ஆச்சிமார் வாடைக்காற்றுத் தொடங்க முன்னர் தங்களுக்குள் கேட்பதும் அதுதான். அதை எண்ணாக்குகிற இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

2009இல் மொசாம்பிக்கில் இரண்டு மாவட்டங்களில் செய்து பார்த்த வாழ்வாதாரப் பாதிப்புச் சுட்டெண் ஒன்று இருக்கிறது, ஏழு பெரிய கூறுகள், ஒவ்வொன்றுக்கும் கீழே குறிகாட்டிகள், அதாவது புள்ளி போடுகிற கேள்விகள். எங்கள் ஊருக்கு வருகிற வினாக்கொத்துகள் எல்லாம் அதன் பிள்ளையும் பேரப்பிள்ளையும் போலத்தான் எனக்குத் தெரிகின்றன. அதில் பெண் தலைமை தாங்கும் குடும்பம் என்றால் பாதிப்புப் புள்ளி கூடும். வன்னியில் இந்தக் குறிகாட்டியைப் போட்டால் என்ன வரும் என்று சொல்லவேண்டியதில்லை, யுத்தம் முடிந்த கையோடு எத்தனை வீட்டில் ஆம்பிளை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கஷ்டம் இல்லை என்று சொல்லவரவில்லை. நுண்கடன்காரன் வாசலில் வந்து நிற்பதும் அந்த வீடுகளில்தான். ஆனால் தீவுக்குப் போகிற படகில் முன்னுக்கு ஏறியவர்களும் அந்த வீட்டுப் பெண்கள்தான். கடல் வற்றுகிற நேரம் இடுப்பளவு தண்ணியில் இறங்கி, காலால் தடவி அட்டை எடுத்துக் குடும்பம் பார்த்தவர்கள். அவர்களை ‘எழும்ப ஏலாதவர்கள்’ பக்கம் எழுதிவிட்டு நீங்கள் வாகனத்தில் ஏறிப் போகிறீர்கள்.

இன்னொன்று இதைவிடச் சிரிப்பு. கடந்த 12 மாதத்தில் உதவி கேட்டு உள்ளூர் அரச அலுவலகம் எதற்கும் போகாத குடும்பம் என்றால் புள்ளி கூடுமாம், போன குடும்பம் தொடர்பு உள்ள குடும்பமாம். எங்கள் ஆட்கள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. ஜி.எஸ். என்கிற கிராமசேவகர் முதல் கொழும்பு வரை மனுக் கொடுத்தே ஒரு தலைமுறை வயசுக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் உலகத்திலேயே பலமான சனம் நாங்கள்தான்.

பிறகு அந்த ஆறு வருசம். கடந்த ஆறு வருசத்தில் எத்தனை வெள்ளம், வரட்சி, சூறாவளி என்ற கேள்வி. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார்ப் பக்கமாகக் கடலுக்குள் இறங்கிய புரெவியைச் சொல்லலாம், 2025 நவம்பரில் வந்த டித்வாவைச் சொல்லலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைத் தின்ற புயலைச் சொல்ல இடமில்லை. எங்கள் வயசாளிகள் இன்றைக்கும் காற்றை அதை வைத்துத்தான் அளக்கிறார்கள், ‘அறுபத்திநாலு மாதிரி இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் வலையை எடுக்கிறதா விடுகிறதா என்று மற்றவன் விளங்கிக்கொள்வான். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் நேரம் வடக்கில் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. வன்னியில் மாடு குளிரில் சாகும் என்று யார் கண்டது? வெள்ளமா, வரட்சியா, சூறாவளியா என்று கேட்கிற தாளில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நாங்களும் சுத்தமான ஆட்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டப்போடு ஆள் வந்தால் வீட்டுத்திட்டம் வரும் என்று நினைக்கிற ஊர் இது. ஒழுகாத கூரையும் அன்றைக்கு ஒழுகும். இரண்டு வலை வைத்திருப்பவன் ஒன்று என்பான். எதற்காகக் கேட்கிறீர்கள், இந்தப் பதிலால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று முதல் ஐந்து நிமிடத்தில் நேராகச் சொன்னீர்கள் என்றால் பாதிப் பொய் குறையும்.

இனி தண்ணிக்கு வருகிறேன்.

அதே குழுவில் ஒரு தம்பி பேனை மாதிரிக் கருவி ஒன்று கொண்டுவந்திருந்தார், தண்ணியில் எவ்வளவு உப்பு என்று காட்டுமாம். தீவில் மூன்று கிணற்றில் விட்டுப் பார்த்தார். பூவரசடிக் கிணறு, கோயில் பக்கத்துக் கிணறு, எங்கள் அம்மப்பாவின் கிணறு. வாளியால் அள்ளி ஒரு கோப்பையில் ஊற்றி, கருவியின் நுனியைத் தோய்த்து, எண் ஓடி ஓடி நிற்கும்வரை எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மப்பாவின் கிணற்றுக்கு நாலு இலக்க எண் ஒன்று வந்து நின்றது. ‘நல்லமா தம்பி?’ என்று சித்தப்பா கேட்டார். ‘பார்த்துச் சொல்லுறம் ஐயா’ என்றார். போனில் எழுதிக்கொண்டார். சித்தப்பா அந்தக் கோப்பைத் தண்ணியைக் குடித்துப் பார்த்துவிட்டு, ‘போன மாசத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு’ என்றார். அதை அவர் எழுதவில்லை.

சின்னத் தீவுகளில் நல்ல தண்ணி எப்படி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும், இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல்தண்ணிக்கு மேலே, சொதியில் எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதக்கிறது. உப்புத்தண்ணிக்குப் பாரம் கூட, நல்ல தண்ணிக்குக் குறைவு, அவ்வளவுதான் விஷயம். ஹைபன், ஹெர்ஸ்பெர்க் என்று இருவர் நூறு வருசத்துக்கு முன்னரே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. திருப்பிப் பாருங்கள், மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் அடியில் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். அதனால்தான் பழைய ஆட்கள் தீவுக் கிணற்றை ஆழமாக வெட்டவில்லை. அள்ளுவதையும் வாளியால்தான் அள்ளினார்கள், காலையில் அள்ளின கிணற்றைப் பின்னேரம் வரை சும்மா விட்டார்கள்.

கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை உலக அளவில் சராசரியாக 20 சென்டிமீற்றர் உயர்ந்தது, 2006க்குப் பிறகு வருசத்துக்கு 3.7 மில்லிமீற்றர் என்று ஐ.பி.சி.சி சொல்கிறது. ஓர் அரிசிமணியின் நீளம்கூட இல்லை. அது சின்ன விஷயம் என்று சொல்லவரவில்லை, எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் கூடிக் கூடி எங்கே வந்து நிற்கும் என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அரிசிமணி ஒரு வருசத்தில் செய்வதை, யாரோ நல்ல மனசோடு தந்துவிட்டுப் போகிற ஒரு மோட்டார் ஒரு பின்னேரத்தில் செய்துவிடும். உங்கள் சுட்டெண்ணில் மோட்டார் இருக்கிற வீட்டுக்கு ‘எழும்பும் சக்தி’யில் புள்ளி. கிணறு சவராகப் போவதற்கு எங்கே புள்ளி? எங்களுக்கு வந்த தாளில் தண்ணியைப் பற்றித் தூரம் கேட்டார்கள், நிமிடம் கேட்டார்கள், கிணறு மூடியா திறந்ததா என்று கேட்டார்கள். ருசி கேட்கவில்லை.

அதைவிட, நீங்கள் வருகிற மாதம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இவ்வளவு காலமும் வந்த குழுக்கள் எல்லாம் மாசி, பங்குனியில்தான் வந்தன. ஏன் என்று எனக்கு விளங்குகிறது. வாடை ஓய்ந்து, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்காத இடைவெளி, கடல் கண்ணாடி மாதிரி, படகில் சத்தி வராது, திட்டத்தின் காசையும் வருச முடிவுக்குள் கணக்குக் காட்டவேண்டும். ஆனால் அப்போதுதான் மாரி மழை குடித்துக் கிணறு எல்லாம் இனிக்கிற நேரம், நண்டு படுகிற நேரம், எல்லோர் முகத்திலும் ஒரு களை இருக்கிற நேரம். மாசியில் அளந்தால் எங்கள் தீவு சொர்க்கம். ஆவணியில் வாருங்கள், அல்லது கார்த்திகையில். சோளகம் பேயாட்டம் ஆடுகிறபோது மூன்று நாள் கரை மாறமுடியாமல் இருந்து பாருங்கள். கானில் கடைசித் தண்ணி எத்தனை கோப்பை என்று எண்ணுகிற அந்த மூன்று நாளை எந்தக் குறிகாட்டியும் பிடிக்கவில்லை.

சராசரி என்கிற சாமானைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணியில் எங்களுக்கு 0.9, அதாவது மிக மோசம் என்று வைப்போம். வீட்டில் 0.1, சீமெந்து வீடு, நல்லம். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் 0.5, ‘நடுத்தரம்’. சீமெந்துச் சுவரை நக்கித் தாகம் தீர்க்க ஏலாது, சேர். ஒன்றின் நல்லது இன்னொன்றின் கெட்டதை அழித்துவிடுகிற கணக்கு இது. ஐ.நா. பொதுச்சபை 2024 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்ட பல்பரிமாணப் பாதிப்புச் சுட்டெண்ணில் இதற்காகவே வர்க்கச் சராசரி எடுக்கிறார்கள். அதே இரண்டு எண்ணையும் வர்க்கமாக்கிக் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 0.64 வரும். கெட்டது கொஞ்சம் தலைநீட்டுகிறது. உலகச் சுட்டெண்ணில் செய்ததைப் பூநகரியில் செய்ய ஏலாதா?

ஆனால் அந்தச் சுட்டெண்ணும் நாடு நாடாகத்தான் கணக்குப் பார்க்கிறது. சின்னத் தீவு நாடுகள் ‘ஆள்வீத வருமானம் கொஞ்சம் கூட என்று சொல்லிச் சலுகைக் கடன் தரமாட்டேன் என்கிறீர்களே, ஒரு புயல் அடித்தால் எங்கள் முழு நாடும் போகிறதே’ என்று 1990களில் இருந்து சண்டை பிடித்து வாங்கிய சுட்டெண் அது, நியாயமான சண்டை. இலங்கை அந்தச் சின்னத் தீவு நாடுகளின் பட்டியலில் இல்லை. தீவாக இருந்தும் தீவு என்று எண்ணப்படாத நாட்டில், தீவுக்கும் பக்கத்தில் இருக்கிற தீவு நாங்கள். நாட்டுக் கணக்கில் கொழும்பு எங்களை மூடுகிறது. மாவட்டக் கணக்கில் இரணைமடுவின் கீழ் நெல் விதைக்கிற கிளிநொச்சி மூடுகிறது. பிரதேச செயலகக் கணக்கில் பூநகரியின் தரைப்பகுதி மூடுகிறது. படத்தில் நிறம் தீட்டும்போது எங்கள் இரண்டு தீவும் அந்த நிறத்தின் இரண்டு துளிதான்.

துவாலுவைப் பற்றி ஒன்று வாசித்தேன். 1971இல் இருந்து 2014 வரை வானில் இருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 101 தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 2.9 வீதம் கூடியிருக்கிறது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கடல் ஏறியும் அலை மண்ணைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. தீவு வளர்கிறது, பிறகென்ன என்று சிலர் எழுதினார்கள். நிலம் வளர்ந்தால் கிணறு இனிக்குமா? எங்கள் கரையிலும் ஒரு பக்கம் அரிக்கிறது, மறுபக்கம் மண் சேர்கிறது. மீன்வாடி அரிக்கிற பக்கத்தில் இருந்தால், சேர்கிற பக்கத்து மண் ஆருக்கு?

காலநிலை என்று சொல்லிவிட்டு வானத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்பதற்கு இன்னும் ஒன்று. 2022 ஆகஸ்டில் எங்கள் படகுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. கடல் அமைதி, நண்டு இருந்தது, படகு கரையில் கிடந்தது. அந்த மாதங்களில் வலை பழுதானவர்கள் சிலர் இன்னும் கடனில் இருந்து எழும்பவில்லை. அடுத்த புயலுக்கு அவர்கள் அந்தக் கடனோடுதான் முகம் கொடுக்கவேண்டும். இழுவைமடித் தொழிலுக்கு இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடை வந்தது, ஆனாலும் இரவில் இழுவைப்படகு (றோலர்) வெளிச்சம் தெரிகிற நாளில் வலை விட்டவன் நித்திரை கொள்வதில்லை. மன்னார்த்தீவிலே பாருங்கள், காலநிலைக்கு மருந்து என்று 30 காற்றாலை நட்டார்கள், மழைவெள்ளம் வடிந்தோடிய வழி அடைபட்டுவிட்டது என்று அந்தச் சனம் சொல்கிறது, 2025இல் வீதிக்கும் இறங்கியது. காற்றாலை நாட்டின் கணக்கில் நல்லது, பக்கத்து வளவில் வெள்ளம். இரண்டும் ஒரே தாளில் வரவேண்டும்.

எங்கள் பக்கத்தில் இருந்து கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. வீடு எது என்ற கேள்வியில் இரண்டு வீடு எழுத இடம் விடுங்கள், எந்த மாதம் எங்கே என்றும் கேளுங்கள். வருசத்தில் ஒரு நாள் வந்து நாற்பது கேள்வி கேட்பதைவிட, நாங்களே மாதம் ஒரு முறை கிணற்றை அளந்து கொப்பியில் எழுதுவோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த வேலைக்கு ஓடி வருவார்கள். அந்தப் பேனைக் கருவி ஒன்றும் பெரிய விலையான சாமான் இல்லை என்று அந்தத் தம்பியே சொன்னார். காற்றால் படகு போகாத நாளையும் கொப்பியில் எழுதலாம், எரிபொருள் இல்லாமல் போகாத நாளை வேறு நிறப் பேனையால் எழுதலாம். சித்தப்பாவின் ‘கொஞ்சம் தடிப்பு’ என்ற சொல்லையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், மூன்று மாதத்தில் அவரும் கருவியும் எங்கே ஒத்துப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தக் கொப்பியில் இருந்து நீங்கள் எந்தச் சுட்டெண்ணையும் செய்துகொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, கொப்பி மட்டும் ஊரில் இருக்கட்டும்.

முடிந்த அறிக்கையைத் தமிழில் நான்கு பக்கத்தில் எழுதிக் கோயில் விறாந்தையில் ஒரு பின்னேரம் வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் ஆச்சிமார் அங்கேயே பிடிப்பார்கள்.

அதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். இப்போதைக்கு ஒன்று மட்டும். அன்றைக்கு அந்தத் தம்பி போனில் எழுதிக்கொண்டு போன மூன்று எண்கள், பூவரசடிக் கிணறு, கோயில் பக்கத்துக் கிணறு, அம்மப்பாவின் கிணறு, அவை யாரிடம் இருந்தாலும் அனுப்பிவையுங்கள். எந்தத் திகதியில் எடுத்தது என்றும் எழுதுங்கள். அம்மப்பாவின் கிணற்றுத் தண்ணியைச் சித்தப்பா இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
பதில் சொன்ன வீடுகளில் ஒன்றில் இருந்து,
இரணைமாதாநகரும் இரணைதீவும்